ஏற்காடு வரும் குடும்பம் சேலத்தில் கேம் ஜோனுக்குப் போகலாமா?

தஞ்சாவூரிலிருந்து மே மாதம் காரில் ஏற்காடு வரப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு நாள் பயணம். 12 வயதில் பெண், 5 வயதில் பையன், 68 வயது மாமியார். அவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சேலத்தில் ஏதாவது மாலில் கேம் ஜோனுக்குப் போயே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். "மலைக்கு வந்துட்டு ஏசி ரூமுக்குள்ள உட்கார்ந்து காசைக் கரைக்கணுமா?" என்பது வீட்டுக்காரரின் கேள்வி. போகலாமா, எந்த நாளில் போவது, எவ்வளவு ஆகும், பொம்மை எடுக்கும் மிஷினில் உண்மையிலேயே பொம்மை வருமா, பெரியவரை என்ன செய்வது என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

மால்களில் இருக்கும் இந்த விளையாட்டு மிஷின்களைப் பழுது பார்த்துப் பராமரிப்பதுதான் என் தொழில். ஊர் சேலம். அதனால் மலையைப் பற்றியும் மிஷினைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன்.

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் மலையை விட்டு இறங்கும் நாளில் போங்கள், கார்டில் போடும் தொகையை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், முக்கியமாகப் பெரியவர்களும் சேர்ந்து விளையாடுங்கள். கேம் ஜோனில் பணம் வீணாவதை நான் அதிகம் பார்ப்பது பிள்ளைகள் கையில் கார்டைக் கொடுத்துவிட்டு அப்பா அம்மா இருவரும் போனைப் பார்த்தபடி பெஞ்சில் உட்காரும் குடும்பங்களில்தான். தனியாக விடப்பட்ட பிள்ளை எந்த மிஷினில் அதிகமாக விளக்கு எரிகிறதோ அங்கே போய் நிற்கும். அந்த மிஷின்களில்தான் விளையாட்டு மிகக் குறைவு.

முதலில் நாள் கணக்கு. உங்களுக்கு நான்கு நாள் இருக்கிறது என்பதால்தான் போகச் சொல்கிறேன். இரண்டே நாள் என்றால் வேண்டாம் என்றிருப்பேன். கேம் ஜோன் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் திருச்சியிலும் கிடைக்கும். 1500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே காலையில் எழுந்து நடப்பது கிடைக்காது. வீட்டுக்காரர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்ப்பது பெரியவர்களுக்கு அரை மணி நேர இன்பம், ஐந்து வயதுப் பையனுக்குப் பத்து நிமிடம்கூடத் தாங்காது. பகோடா பாயின்டிலும் அப்படித்தான். ஏரியில் படகு, பக்கத்துப் பூங்காவில் சறுக்கு, இவற்றோடு அவன் மலைக் கணக்கு முடிந்துவிடும். இரண்டு முழு நாள் பெரியவர்களின் வேகத்தில் அவன் நடந்திருக்கிறான். கடைசி நாளில் இரண்டு மணி நேரம் அவன் வேகத்துக்கு நீங்கள் ஓடலாம், தப்பே இல்லை.

மே மாதத்தில் சேலத்தில் 38, 39 டிகிரி சாதாரணம். ஏற்காட்டில் 30ஐத் தாண்டுவதே அபூர்வம். அந்தக் குளிரிலிருந்து இறங்கி வந்ததும் மதிய வெயிலில் பிள்ளைகளோடும் பெரியவரோடும் வெளியில் சுற்ற முடியாது. எப்படியும் ஒரு கூரைக்கு அடியில் கழிக்க வேண்டிய நேரம்தான் அது. அதனால் நான்காம் நாள் மலையில் டிபனை முடித்துக்கொண்டு எட்டு மணிவாக்கில் இறங்குங்கள். அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் மானையும் மயிலையும் பார்த்துவிடலாம். பிறகு ஊருக்குள் வந்து சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு கேம் ஜோன்.

வார நாள் என்றால் மதியம்தான் நல்ல நேரம். பெரும்பாலான இடங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூட்டம் சேரும். சனி, ஞாயிறு என்றால் பிறந்தநாள் கொண்டாட்டமும் சேர்ந்துகொள்ளும். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் பூங்காவை விட்டுவிட்டு, கதவு திறக்கும் நேரத்துக்கே நேராக கேம் ஜோனுக்குப் போய்விடுங்கள்.

மலையில் இருக்கும்போது மதியத்தில் மழை பிடித்துக்கொண்டால், "சரி, கீழே போய் விளையாடிட்டு வந்துடலாம்" என்று கிளம்பாதீர்கள். கோடை மழை ஏற்காட்டில் அடித்துப் பெய்துவிட்டு ஓய்ந்துவிடும். அதற்காக 30 கிலோமீட்டர் தூரத்தையும் 20 கொண்டை ஊசி வளைவையும் இரண்டு தடவை கடக்க வேண்டாம். கோடை விழா நடக்கும் நாட்களில் மலைப்பாதையில் வண்டிகள் நீளமாக நிற்கும், குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவதும் உண்டு.

அந்த வளைவுகளைப் பற்றி இன்னும் ஒன்று. காரில் வளைந்து வளைந்து இறங்கும்போது வயிற்றைப் புரட்டுவது ஏன் என்றால், உடம்பு சாய்வதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. காருக்குள் முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருவதுதான் அந்தக் குமட்டல். கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவி இதையே தலைகீழாகச் செய்யும்: கண்ணுக்கு ரோலர் கோஸ்டர் ஓடும், உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்கும். மலையிலிருந்து இறங்கிய கையோடு இதில் ஏற்றினால் மதியச் சாப்பாடு வெளியே வந்துவிடும். உங்கள் பெண் வி.ஆர். வேண்டும் என்று கேட்டால் கடைசியாக ஒரே ஒரு ஆட்டம், அதுவும் அவள் தெளிவாக இருந்தால் மட்டும். பையனுக்கு வேண்டவே வேண்டாம். இந்தக் கருவிகளைச் செய்யும் கம்பெனிகளே 10 வயது, 13 வயது என்று கீழ் வரம்பு வைத்திருக்கின்றன. மாட்டும் முன்பு முகத்தில் படும் ஸ்பாஞ்சைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள்.

இனி காசு. இப்போது நாணயம் போடும் மிஷின் அநேகமாக இல்லை. கவுண்டரில் ஒரு கார்டு வாங்கி, அதில் பணம் ஏற்றி, மிஷினில் இருக்கும் ரீடரில் தேய்க்க வேண்டும் அல்லது காட்ட வேண்டும். பணம் கண்ணில் படாமல் போவதால்தான் கணக்கு கைமீறுகிறது. சில இடங்களில் ரீடரில் ரூபாயைப் போடாமல் பாயின்ட் என்று போட்டிருப்பார்கள். முதல் வேலையாக ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா, கார்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா, அதைத் திருப்பித் தருவார்களா என்றும் கேளுங்கள். மீதியைப் பல இடங்களில் தர மாட்டார்கள். "ஆயிரம் போட்டா ஆயிரத்து ஐந்நூறுக்கு விளையாடலாம்" என்ற சலுகை உள்ளூர்க்காரர்களுக்கு நல்லது. அடுத்த மாதமும் வருவார்கள். அன்றே ஊருக்குக் கிளம்பும் உங்களுக்கு அந்த மீதி ஐந்நூறு பிள்ளைகளைக் கண்ட மிஷினிலும் தேய்க்க வைக்கும் ஐந்நூறு.

ஒரு ஆட்டத்துக்குப் பெரும்பாலும் 50இலிருந்து 150 ரூபாய் வரை ஆகும். சராசரியாக 80 என்று வைத்தால் 1500 ரூபாய்க்குப் பதினெட்டு ஆட்டம். ஒரு ஆட்டம் ஒன்றரை, இரண்டு நிமிடம். மொத்தம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இதை உங்கள் பெண்ணை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். பன்னிரண்டு வயதுக்கு இது நன்றாகவே புரியும். அப்புறம் அவளே "ஒரு தேய்ப்புக்கு எத்தனை பேர், எத்தனை நிமிஷம்" என்று பார்த்து மிஷினைத் தேர்ந்தெடுப்பாள். நான் சொல்லும் ஒரே அளவுகோலும் அதுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கார்டு, அவரவர் பெயரில் அவரவர் தொகை. கார்டு தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு 1500லிருந்து 2000 வரை போதும், உள்ளே இருப்பது இரண்டு மணி நேரம். அதற்கு மேல் அந்தச் சத்தத்தில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

அந்த அளவுகோலில் முதலிடம் ஏர் ஹாக்கிக்கு. பல இடங்களில் ஒரு தேய்ப்புக்கு இரண்டு பேர், சில மேசைகளில் நான்கு பேரும் ஆடலாம். மேசைக்கு அடியில் ஒரு விசிறி ஓடும். பலகை முழுக்க ஊசி முனை அளவுக்குத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே காற்று எழும்பி மெல்லிய மெத்தையாக நிற்கும், பிளாஸ்டிக் தட்டு அதன்மேல் மிதந்து ஓடும். உராய்வு இல்லை என்றே சொல்லலாம், அதனால்தான் லேசாகத் தட்டினாலே பறக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் மேசை செய்துவந்த ஒரு கம்பெனியில் பிறந்த விளையாட்டு இது. தேய்க்கும் முன்பு வேறு யாராவது ஆடும்போது ஒரு நிமிடம் பாருங்கள். தட்டு நடுவில் ஓரிடத்தில் சொல்லி வைத்தாற்போல் நின்றால் அங்கே துளைகளில் தூசி அடைத்திருக்கிறது. அந்த மேசை வேண்டாம். பையனுக்கு உயரம் எட்டாது, ஸ்டூல் கேளுங்கள், இல்லையென்றால் அவன் அப்பா இடுப்பில் தூக்கிக்கொள்ளட்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: இன்னொரு கையை மேசை விளிம்பில் வைக்கக் கூடாது. வேகமாக வரும் தட்டு விரல் முட்டியில் பட்டால் வலி உயிர் போகும்.

அடுத்தது பேஸ்கட்பால். பந்து நிஜப் பந்தைவிடச் சிறியது, நேரமும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். பல மிஷின்களில் குறிப்பிட்ட பாயின்ட் எடுத்தால் அடுத்த சுற்று தானாகத் திறக்கும், புதிதாகத் தேய்க்க வேண்டியதில்லை. எந்த எண் வந்தால் அடுத்த சுற்று என்பது மேலேயே எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முதல் பந்து விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே நிற்பதில்தான் பிள்ளைகள் நேரத்தை விடுகிறார்கள். ஒன்று கையை விட்டதும் அடுத்தது கையில் இருக்க வேண்டும். உங்கள் பெண் எறியட்டும், பையன் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கட்டும். ஒரே கார்டில் இரண்டு பேருக்கும் வேலை. இரண்டாம் சுற்றில் சில மிஷின்களில் வளையம் முன்னும் பின்னும் நகரும். அப்போது வளையத்தைத் துரத்தாமல், அது வந்து போகும் பாதையில் ஒரே இடத்தைக் குறிவைத்து எறிந்தால் விழும்.

உங்கள் மாமியாருக்கு நான் சிபாரிசு செய்வது தவளை அடிக்கும் மிஷின். குழியிலிருந்து தலை நீட்டும் உருவத்தை மெத்தைச் சுத்தியலால் அடிக்கும் இந்த வகை 1975இல் ஜப்பானில் வந்தது. அங்கே அகழெலி, நம்மூரில் தவளை, முதலை என்று என்னென்னவோ. ஒரு மதியம் நான் பக்கத்தில் ஒரு மிஷினைக் கழற்றிப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பாட்டி வந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார், பேரன் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டார். முதல் நாலைந்து தவளை தப்பித்தது. "பாட்டி, லெப்ட்ல! லெப்ட்ல!" என்று பையன் கத்தினான். "நீ கத்தாதடா, எனக்குத் தெரியுது" என்றவர் அப்புறம் எதையும் தேடிப் போகவில்லை. நடுவில் சுத்தியலை நிறுத்தி, கண்ணால் மட்டும் பலகை முழுவதையும் பார்த்து, தலை தெரிந்த இடத்தில் சின்னதாக ஒரு தட்டு. பலமாக ஓங்கி அடிக்கும் பிள்ளைகளைவிட அவருக்கு அதிகம் வந்தது. காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு லேசான தட்டு போதும்; ஓங்குவதில் போகும் நேரத்தில் இரண்டு தவளை உள்ளே போய்விடும். பேரன் அன்று முழுக்க அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டே சுற்றினான்.

பந்தை மேடேற உருட்டி வட்டங்களுக்குள் விழ வைக்கும் விளையாட்டும் பெரியவர்களுக்கு ஏற்றது. அமெரிக்காவில் 1908லேயே காப்புரிமை பெற்ற பழைய விளையாட்டு, இன்றுவரை அதை யாராலும் பெரிதாக மாற்ற முடியவில்லை. மூலையில் இருக்கும் பெரிய எண்ணுக்கு ஆசைப்படாமல் நடு வட்டங்களுக்கே உருட்டினால் மொத்தம் அதிகமாக வரும். கார் ரேஸில் பையனுக்குக் கால் பெடலுக்கு எட்டாது. நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள், ஸ்டியரிங் அவனுக்கு. மோதும் கார் இருந்தால் அவனோடு ஒரு பெரியவர் கட்டாயம் ஏற வேண்டும், பெல்ட் போட வேண்டும். கண்காட்சியில் பார்த்த, கூரையில் கம்பி வலையும் காருக்கு மேலே தண்டும் உள்ள கார்களுக்கு மின்சாரம் அந்த வலையிலிருந்து வரும். மாலுக்குள் இருப்பவை பெரும்பாலும் பேட்டரி. எதுவானாலும் கார்கள் முழுதாக நிற்கும் முன்பு இறங்கி ஓடுவதுதான் ஆபத்து.

பொம்மை எடுக்கும் மிஷினுக்கு வருகிறேன். நேர்மையான பதில்: வரும், ஆனால் எப்போது வரும் என்பது முழுக்க உங்கள் கையில் இல்லை. கொக்கியின் தலைக்குள் காயில் என்று சொல்லும் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாய்ந்தால் நடுவில் உள்ள இரும்புத் தண்டு இழுக்கப்பட்டு மூன்று விரலும் மூடும். எவ்வளவு வோல்டேஜோ அவ்வளவு பிடி. அந்த அளவை மிஷினுக்குள் இருக்கும் போர்டில் மாற்றி வைக்கலாம். பல மிஷின்களில் பொம்மையைப் பிடிக்கும்போது ஒரு பலம், மேலே தூக்கும்போது ஒரு பலம், பொம்மை வெளியே விழும் வாசலை நோக்கி நகரும்போது ஒரு பலம் என்று தனித்தனியாக வைக்க முடியும். இத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை முழுப் பிடி என்று வைக்கும் வசதியும் உண்டு. கொக்கி பொம்மையை அழகாகத் தூக்கி, உச்சியில் ஒரு குலுக்கலில் விட்டுவிடுகிறதே, பையனுடைய கை பிசகியதால் நடப்பதில்லை அது. அந்த நேரத்தில் காயிலுக்குப் போகும் மின்சாரம் குறைந்திருக்கிறது. இதைப் பையனுக்கு அவன் மொழியில் சொல்லுங்கள், "நான் சரியா பண்ணலையா?" என்று அவன் கண்ணைக் கசக்க வேண்டியதில்லை.

ஆடித்தான் தீருவான் என்றால் முதலில் மற்றவர்கள் ஆடுவதைப் பாருங்கள். பொம்மையை மேலே வரையாவது கொண்டுபோகும் கொக்கியாக இருந்தால் ஆடலாம். உரசிவிட்டு வெறுங்கையாக ஏறுகிற கொக்கி என்றால் நகர்ந்துவிடுங்கள். பொம்மைகள் இறுக்கி அடுக்கியிருக்கும் பெட்டியில் ஒன்றைக்கூட உருவ முடியாது. வாசலுக்குப் பக்கத்தில், மற்றவற்றின் மேல் தளர்வாகக் கிடக்கும் பொம்மையைக் குறிவைக்க வேண்டும். இரண்டு தடவை, அதோடு சரி. அந்த இரண்டையும் கடைசிக்கு வைக்காதீர்கள். நடுவில் ஆடிவிட்டால் தோற்ற வருத்தம் அடுத்த ஏர் ஹாக்கியில் போய்விடும். கடைசியில் ஆடினால் அந்த அழுகையோடுதான் நாமக்கல் வரை போக வேண்டியிருக்கும்.

வட்டமாகச் சுற்றும் விளக்கைச் சரியான இடத்தில் நிறுத்தச் சொல்லும் ஜாக்பாட் மிஷின்களையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சில வகைகளில் ஜாக்பாட் எத்தனை எளிதாக விழலாம் என்பதையும் உள்ளே மாற்றி வைக்க முடியும். அதைவிட, ஒரு பட்டனை அமுக்கினால் பத்து விநாடியில் ஆட்டமே முடிந்துவிடுகிறது. 80 ரூபாய்க்குப் பத்து விநாடி என்று உங்கள் பெண்ணே கணக்குச் சொல்வாள்.

ஆட்டத்தில் ஜெயித்தால் மிஷின் தரும் டிக்கெட்டுகளை கிஃப்ட் கவுண்டரில் பொருளாக மாற்றலாம். விளையாட ஆரம்பிக்கும் முன்பே பிள்ளைகளை அந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிறுத்தி எதற்கு எத்தனை டிக்கெட் என்று காட்டிவிடுங்கள். மேல் தட்டில் இருக்கும் சைக்கிளும் ஹெட்போனும் ஒரு நாளில் எட்டும் எண்ணில் இருக்காது. பென்சில் டப்பா, ரப்பர் பந்து, ஸ்பிரிங் பொம்மை, இவைதான் உங்கள் எல்லை. அதை முன்பே பார்த்துவிட்ட பிள்ளை ஏமாறாது. இரண்டு பேரின் டிக்கெட்டையும் சேர்த்தால் கொஞ்சம் நல்ல பொருளாக ஒன்று வரும், ஆனால் அது யாருக்கு என்ற சண்டையும் கூடவே வரும். அதனால் தனித்தனியாக வாங்கிக்கொள்ளட்டும்.

ஐந்து வயதுக்கான மெத்தை விளையாட்டு இடம் இருந்தால் பையனுடைய பாதி நேரத்தை அங்கே கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம், கார்டு தேய்க்கும் வேலையில்லை. சாக்ஸ் கட்டாயம் கேட்பார்கள். வீட்டிலிருந்தே எடுத்து வந்தால் அங்கே வாங்க வேண்டியதில்லை, அடியில் ரப்பர் பிடிமானம் உள்ளது தேவையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய துணியில் ஏறிக் குதிக்கும் ட்ராம்போலின் வேறு விஷயம். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அதில் விட வேண்டாம் என்பது அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு, நானும் அதையே சொல்வேன். ஒரே துணியில் பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் குதித்தால், கனமானவர் இறங்கும் விசை துணி வழியாக இலேசானவரைத் தூக்கி எறிந்துவிடும். கால் முறிவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைக்குத்தான். உங்கள் பெண் குதிக்கலாம், ஒரு துணிக்கு ஒருவர்தான் என்ற விதி அங்கே உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு.

சத்தமும் மின்னும் விளக்கும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. குடும்பத்தில் யாருக்காவது எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் கேட்காமல் உள்ளே அழைத்துப் போகாதீர்கள். விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை வெட்டும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். மாமியாரைப் பொறுத்தவரை மாத்திரையும் மதியச் சாப்பாடும் நேரத்துக்கு முடிந்திருக்கட்டும். அரை மணி நேரம் உள்ளே, பிறகு ஸ்பீக்கர் இல்லாத இடமாகப் பார்த்து வெளியே உட்காரட்டும். வீட்டுக்காரரும் நீங்களும் மாறி மாறித் துணைக்கு இருங்கள். குலுக்கும் சினிமா நாற்காலி, மோதும் கார் இரண்டும் அவருக்கு வேண்டாம்.

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2024 மே 25ஆம் தேதி குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு கேம் ஜோன் தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள், பிள்ளைகள் உட்பட. கோடை விடுமுறை, சனிக்கிழமை, கூட்டம். உள்ளேயே வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது, எரிபொருளும் வைக்கப்பட்டிருந்தது, தகரக் கொட்டகை, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. உயிர் தப்ப வழி போதாமல் போனது. இந்தத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அந்த நாள் மறக்காது. எனவே நீங்கள் கார்டு வாங்கும் முன்பு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நுழைந்த வாசலைத் தவிர இன்னொரு வழி எங்கே இருக்கிறது? அந்தக் கதவு தள்ளினால் திறக்கிறதா, பூட்டு தொங்குகிறதா, பழைய மிஷினையும் அட்டைப்பெட்டியையும் அதன் முன்னால் போட்டு அடைத்திருக்கிறார்களா? கூரையில் தண்ணீர் தெளிப்பான் இருக்கிறதா? எங்காவது வெல்டிங், மராமத்து நடக்கிறதா? இரண்டாவது வழி அடைபட்டிருந்தால், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், ஊழியரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டே வாருங்கள். இரண்டு மூன்று குடும்பம் அப்படிச் சொன்னால் கதவு திறந்துவிடும், நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பெண்ணுக்கும் அந்த இரண்டாவது கதவைக் காட்டி வையுங்கள். பையனுடைய முன்கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அந்தச் சத்தத்தில் கூப்பிட்டால் காது கேட்காது.

ஒயர் வெளியே தெரியும் மிஷின், தொட்டால் சுருக்கென்று இழுக்கும் கைப்பிடி, ஆடும் சீட், இவற்றைப் பார்த்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். கார்டைத் தேய்த்தும் ஆட்டம் வரவில்லை என்றாலும் கவுண்டருக்கு ஓடாமல் ஒருவர் அந்த மிஷின் பக்கத்திலேயே நில்லுங்கள். மிஷின் திரையில் கணக்கு அப்படியே நிற்கும், ஊழியர் வந்து பார்த்தால் ஆட்டத்தைத் திருப்பித் தருவதில் வம்பு இருக்காது.

மூன்று, மூன்றரை மணிக்கு வெளியே வந்துவிட்டால் வசதி. பிள்ளைகளைக் கை கழுவச் செய்துவிட்டுத் தட்டுவடை செட் கடைக்குக் கூட்டிப்போங்கள், சேலத்துக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போகக் கூடாது. சின்னத் தட்டுவடை இரண்டுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி. பல கடைகள் சாயங்காலம்தான் போடுவார்கள், நாலு மணிக்கு ஆரம்பிக்கும் கடையாக விசாரித்துக்கொள்ளுங்கள். பையனுக்குக் காரச் சட்னி குறைத்து வைக்கச் சொல்லலாம். பார்சல் வாங்கினால் தட்டுவடை தனி, சட்னி தனி, காய் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ராசிபுரம் தாண்டுவதற்குள் நமத்துவிடும். ஐந்து மணிக்குள் சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்புப் பக்கத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் சாயங்கால நெரிசலில் மாட்டாமல் நாமக்கல், திருச்சி வழியாக ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித் தஞ்சாவூர் போய்ச் சேரலாம்.